இலக்கியம்பட்டி வழக்கும் நிறைவேறாத தண்டனைகளும்

2000 பிப்ரவரி 2 அன்று, கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்குச் சென்னைத் தனி நீதிமன்றம் ஓராண்டு சிறைத்தண்டனை விதித்தது. அன்று மதியமே தமிழகத்தின் பல ஊர்களில் மறியலும் கல்வீச்சும் தொடங்கிவிட்டன. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மாணவ மாணவியர் கல்விச் சுற்றுலாவாக இரண்டு பேருந்துகளில் அப்போது தருமபுரிப் பகுதியில் இருந்தார்கள். நகரை ஒட்டிய இலக்கியம்பட்டியில் மறியலால் வண்டிகள் நின்றன. மாணவிகள் இருந்த பேருந்தில், அவர்கள் உள்ளே இருக்கும்போதே, மறியல் செய்த ஜெயலலிதாவின் கட்சிக்காரர்கள் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார்கள். நாமக்கல் கோகிலவாணி, விருத்தாசலம் காயத்ரி, சென்னை ஹேமலதா ஆகிய மூவரும் உடல் கருகி இறந்தார்கள். பலர் தீக்காயங்களோடு தப்பினார்கள். பின்னால் வந்த பேருந்தின் மாணவர்கள்தான் ஓடிவந்து கண்ணாடிகளை உடைத்து அவர்களை வெளியே இழுத்தார்கள். பக்கத்தில் இருந்த பொதுமக்களும் காவலர்களும் கைகொடுக்காததை உச்ச நீதிமன்றம் பின்னாளில் வருத்தத்தோடு தன் தீர்ப்பில் எழுதியது.

மரண தண்டனை வேண்டுமா, ஆயுள் தண்டனை போதுமா என்று நம்மிடையே நடக்கும் விவாதம் பெரும்பாலும் ஊர் பேர் இல்லாமல் நடக்கிறது. ஒருவர் காந்தியைச் சொல்வார், மற்றவர் பாதிக்கப்பட்டவரின் கண்ணீரைச் சொல்வார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். தருமபுரி வழக்கு அப்படி நிற்க விடாது. ஒரே குற்றத்துக்கு மூன்று நீதிமன்றங்கள் தூக்கு என்றன. அதே உச்ச நீதிமன்றம் பிறகு ஆயுள் என்றது. கடைசியில் ஒரு தலைவரின் நூற்றாண்டு விழா அந்த ஆயுளையும் சுருக்கியது. இரண்டு தண்டனைகளும் இந்நாட்டில் நடைமுறையில் என்ன ஆகின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு தமிழகத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

தண்டனையைப் பேசுவதற்கு முன் விசாரணையைப் பேச வேண்டும். வழக்கு முதலில் கிருஷ்ணகிரி அமர்வு நீதிமன்றத்தில் நடந்தது. அதற்குள் 2001 மே மாதம் ஆட்சி மாறியிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களின் கட்சியே ஆளுங்கட்சி. அரசுத் தரப்புச் சாட்சிகள் வரிசையாகப் பிறழ்சாட்சி ஆனார்கள். கோகிலவாணியின் தந்தை சென்னை உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். 2003இல் உயர் நீதிமன்றம் வழக்கைச் சேலத்துக்கு மாற்றி, விசாரணையை முதலிலிருந்து நடத்த உத்தரவிட்டது. மகளைப் பறிகொடுத்த ஒருவர் மனு போட்டு அலைந்ததால்தான் இந்த வழக்கு பிழைத்தது. அவர் சோர்ந்து வீட்டில் உட்கார்ந்திருந்தால் தூக்கா ஆயுளா என்ற கேள்வியே எழுந்திருக்காது. எல்லோரும் விடுதலையாகியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

சேலம் முதலாவது கூடுதல் அமர்வு நீதிமன்றம் 2007 பிப்ரவரி 16 அன்று நெடுஞ்செழியன், மது என்கிற ரவீந்திரன், முனியப்பன் ஆகிய மூவருக்குத் தூக்குத் தண்டனையும், மேலும் 25 பேருக்குச் சிறைத்தண்டனையும் விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் தூக்கை உறுதி செய்தது. 2010 ஆகஸ்ட் 30 அன்று நீதிபதிகள் ஜி.எஸ். சிங்வி, பி.எஸ். சௌஹான் அமர்வும் அதை ஏற்றது. குற்றவாளிகளுக்கும் இறந்த மாணவிகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, நிராயுதபாணியான இளம்பெண்களை அரசியலுக்காக எரித்தார்கள், இது அரிதினும் அரிதான வழக்கு என்பதே அந்த மூன்று தீர்ப்புகளின் சாரம்.

அரிதினும் அரிதானது என்ற அளவுகோல் 1980இல் பச்சன் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு வகுத்தது. கொலைக்கு ஆயுள் தண்டனையே விதி, தூக்கு விலக்கு. அந்த விலக்கைக் கையாளும் நீதிபதி குற்றத்தை மட்டும் பார்த்தால் போதாது, குற்றவாளியையும் பார்க்க வேண்டும். அவர் திருந்த வழியே இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு அரசுத் தரப்பைச் சேர்ந்தது. இந்த அளவுகோலை நீதிபதிகள் எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2014 செப்டம்பரில் முகமது ஆரிஃப் வழக்கில், தூக்குக் கைதிகளின் மறுசீராய்வு மனுக்களை மூன்று நீதிபதிகள் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவரை அம்மனுக்கள் நீதிபதிகளின் அறைக்குள், வழக்கறிஞர் வாதம் இல்லாமல், காகிதத்தை மட்டும் பார்த்து முடிக்கப்பட்டன. தருமபுரி வழக்கின் மறுசீராய்வு நீதிபதிகள் ரஞ்சன் கோகோய், அருண் மிஸ்ரா, பிரஃபுல்ல சந்திர பந்த் ஆகியோர் முன் வந்தது. 2016 மார்ச் 11 அன்று அவர்கள் தூக்கை ஆயுளாகக் குறைத்தார்கள். முன்கூட்டித் திட்டமிட்ட கொலை இல்லை, இறந்த மாணவிகள் மீது பகை இல்லை, கும்பல் வெறியில் அறிவிழந்து செய்த செயல் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 2010க்கும் 2016க்கும் இடையில் புதிய சாட்சி யாரும் வரவில்லை. பெட்ரோல் அதே பெட்ரோல், பேருந்தும் அதே பேருந்து. மாணவிகளுக்கும் குற்றவாளிகளுக்கும் எந்தப் பகையும் இல்லை என்ற ஒரே உண்மையை முதல் அமர்வு குற்றத்தின் கொடுமையாகப் படித்தது. இரண்டாவது அமர்வு அதையே தண்டனைக் குறைப்புக்கான காரணமாகப் படித்தது. இரண்டு வாசிப்புக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. கேட்கிற நீதிபதி யார் என்பதைப் பொறுத்து ஒருவர் உயிரோடு இருப்பதும் இல்லாமல் போவதும் தீர்மானமாகிறது என்றால், அந்த அளவுகோலின் மேல் ஒரு கழுத்தைத் தொங்கவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. 2014க்கு முன்பே அந்த மூவரும் தூக்கிலிடப்பட்டிருந்தால், பின்னால் வந்த இந்த வாசிப்பைக் கேட்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். நீதிபதி பகவதி பச்சன் சிங் வழக்கில் தனித்து நின்று எழுதிய மாறுபட்ட தீர்ப்பின் அச்சம் இதுவே. தூக்கு நீதிபதியின் மனப்போக்கைப் பொறுத்து மாறுகிறது, ஆகவே அது சமத்துவத்துக்கு எதிரானது என்றார் அவர்.

தருமபுரிக்குத் தென்மேற்கே காவிரிக்கரைக் காடுகள் இன்னொரு வழக்கை நினைவூட்டுகின்றன. 1993 ஏப்ரலில் வீரப்பன் கூட்டம் பாலாறு அருகே வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். மைசூர் தடா நீதிமன்றம் நான்கு பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அவர்கள் விடுதலை கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போன இடத்தில், 2004 ஜனவரியில் அந்த நீதிமன்றமே ஆயுளைத் தூக்காக உயர்த்தியது. கருணை மனு ஒன்பது ஆண்டுகள் கிடந்து 2013இல் நிராகரிக்கப்பட்டது. 2014 ஜனவரி 21 அன்று, சத்ருகன் சௌஹான் வழக்கின் தீர்ப்பில், காலதாமதத்தையே காரணமாக்கி உச்ச நீதிமன்றம் அவர்களைத் தூக்கிலிருந்து இறக்கியது. இலக்கியம்பட்டி வழக்கு தூக்கிலிருந்து ஆயுளுக்கு வந்தது. இதுவோ ஆயுளிலிருந்து தூக்குக்குப் போய் ஆயுளுக்கே திரும்பியது. இரண்டிலும் தண்டிக்கப்பட்டவர்கள் பல ஆண்டுகள் கயிற்றின் நிழலில் இருந்தார்கள். இரண்டிலும் பாதிக்கப்பட்ட குடும்பங்கள், நடக்கும் நடக்கும் என்று சொல்லப்பட்டு நடக்காமல் போன ஒன்றுக்காகக் காத்திருந்தன.

தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கு நிறைவேறியது 1995 ஏப்ரல் 27 அன்று, சேலம் மத்திய சிறையில், ஆட்டோ சங்கருக்கு. அதற்குப் பிறகும் அமர்வு நீதிமன்றங்கள் தூக்குத் தீர்ப்புகளை எழுதிக்கொண்டேதான் இருக்கின்றன. தீர்ப்பு வந்த நாளில் தாய் தகப்பன் கொஞ்சம் ஆறுதல் அடைகிறார்கள். பத்திரிகைகள் எட்டுப் பத்தித் தலைப்புப் போடுகின்றன. பிறகு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், மறுசீராய்வு, கருணை மனு, அதன் மேல் ரிட் மனு. ஒவ்வொரு படியிலும் அந்தக் குடும்பம் மறுபடி அந்தத் தீயைப் பார்க்க வேண்டியிருக்கிறது. உயிர் போனால் திரும்பாது என்பதால் இந்தப் படிகளில் ஒன்றையும் குறைக்க முடியாது. குறைக்கவும் கூடாது.

தூக்கு இருந்தால் பயம் இருக்கும் என்பார்கள். இந்த வாதத்தைத் தருமபுரி வழக்கே சோதித்துவிட்டது. 2014 செப்டம்பர் 27 அன்று சொத்துக்குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவுக்குப் பெங்களூரு நீதிமன்றம் தண்டனை விதித்தபோது, தருமபுரி வழக்கின் மூவரும் தூக்குக் கைதிகளாகவே இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே கட்சி, அதே தலைவர், அதே மாதிரியான தீர்ப்பு. காஞ்சிபுரம் பக்கம் அன்றும் ஒரு பேருந்து எரிந்தது. கும்பலில் இருப்பவன் சட்டப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத் தீக்குச்சியை உரசுவதில்லை. மேலே இருப்பவர்கள் நம்மைக் காப்பாற்றுவார்கள் என்ற நம்பிக்கைதான் அவனை நகர்த்துகிறது. கிருஷ்ணகிரியில் சாட்சிகள் பிறழ்ந்த விதம் அந்த நம்பிக்கைக்கு உரம் போட்டது.

பழைய கணக்கு ஒன்றும் இருக்கிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தை உள்ளடக்கியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944இல் மரண தண்டனையைக் கைவிட்டது. அது நடைமுறையில் இல்லாத 1945 முதல் 1950 வரையிலான காலத்தில் அங்கே 962 கொலைகள். தண்டனை மீண்டும் வந்த பிறகு 1950 முதல் 1955 வரை 967 கொலைகள். பகவதி தன் தீர்ப்பில் இந்த எண்களை எடுத்துக்காட்டுகிறார். ஒரு சமஸ்தானத்தின் எண்ணிக்கையை வைத்து உலகத்தையே அளந்துவிட முடியாதுதான். ஆனால் தூக்குமரத்தை எடுத்ததும் கொலை பெருகும் என்றவர்கள் அங்கே தோற்றார்கள். ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015 ஆகஸ்டில் கொடுத்த 262ஆவது அறிக்கையும், ஆயுள் தண்டனையைவிடத் தூக்கு அதிகமாகத் தடுக்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்று சொல்லி, பயங்கரவாத வழக்குகள் தவிர மற்றவற்றில் அதை ஒழிக்கப் பரிந்துரைத்தது.

ஆக, தூக்கு வேண்டாம் என்பது என் நிலை. அந்த நிலை எடுப்பவர்கள் வழக்கமாக இங்கே கட்டுரையை முடித்துவிடுவார்கள். தருமபுரி அங்கே முடியவில்லை.

2018 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி ஓர் அரசாணை போட்டது. 2018 பிப்ரவரி 25க்குள் பத்தாண்டு சிறைவாசம் முடித்த ஆயுள் கைதிகளை, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, முன்கூட்டியே விடுவிக்கலாம் என்றது அந்த ஆணை. தருமபுரி வழக்கின் மூவர் பெயரும் பட்டியலில் ஏறியது. ஆளுநர் பன்வாரிலால் புரோகித் முதலில் கோப்பைத் திருப்பி அனுப்பினார். அரசு மறுபடி பரிந்துரைத்தது. அவர் கையெழுத்திட்டார். 2018 நவம்பரில் மூவரும் வேலூர் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். 2007 தீர்ப்பிலிருந்து எண்ணினால் 12 ஆண்டுகள்கூட நிறையவில்லை. தூக்கு ஆயுளாகி இரண்டரை ஆண்டுகளே ஆகியிருந்தன.

ஆயுள் என்றால் 14 வருஷம் என்று தெருவில் சொல்வோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆயுள் தண்டனை என்பது உயிர் உள்ளவரை என்று உச்ச நீதிமன்றம் 1961இல் கோபால் விநாயக் கோட்சே வழக்கிலேயே சொல்லிவிட்டது. தூக்குக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவரை 14 ஆண்டுகளுக்கு முன் அரசு விடக்கூடாது என்று 1978இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ பிரிவு சேர்ந்தது. அந்தப் 14 கீழ்வரம்பு. மக்கள் பேச்சில் அதுவே மேல்வரம்பாகிவிட்டது. அந்தக் கீழ்வரம்பும் ஆளுநரைக் கட்டாது. அரசியல் சாசனத்தின் 161ஆவது பிரிவு தரும் மன்னிக்கும் அதிகாரத்தைச் சாதாரணச் சட்டம் குறைக்க முடியாது என்பது 1980இன் மாரு ராம் தீர்ப்பு. 14 ஆண்டுகள் ஆகாத ஆயுள் கைதிகளும் விழாக் காலங்களில் வெளியே வருவது இந்தக் கதவு வழியாகத்தான்.

முன்விடுதலையை நான் எதிர்க்கவில்லை. சிறைக் கண்காணிப்பாளர் குறிப்பு எழுதுகிறார், நன்னடத்தை அலுவலர் கைதியின் ஊருக்குப் போய் விசாரிக்கிறார், காவல்துறை தன் கருத்தைச் சொல்கிறது. இப்படி ஒவ்வொருவரையும் தனித்தனியாக எடைபோட்டு, திருந்தியவரை வெளியே விடுவது ஒரு நாகரிக அரசின் கடமை. திருந்த வாய்ப்பு உண்டு என்று சொல்லித்தானே தூக்கை மறுக்கிறோம்? ஏழைகளும் நாதியற்றவர்களும் நிறைந்த நம் சிறைகளில், கேட்க ஆளில்லாமல் வருடக்கணக்காகக் கிடக்கும் ஆயுள் கைதிகளுக்கு இந்தக் கதவு அவசியம் தேவை. என் குறை வேறு. ஒரு கட்சியின் தலைவருக்காக மூன்று பெண்களை எரித்தவர்களை, அதே கட்சியின் ஆட்சி, அதே கட்சியைத் தொடங்கியவரின் நூற்றாண்டைக் காரணம் காட்டி விடுவித்தது. அவர்கள் திருந்தியதே காரணம் என்று வைத்துக்கொண்டாலும், அதை நம்பும்படி பெற்றோருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

இது போன்ற கருணையை நீதிமன்றம் தொட முடியாது என்பதும் சரியல்ல. 2006 அக்டோபரில் எபுரு சுதாகர் வழக்கில், ஆந்திர ஆளுநர் ஒரு காங்கிரஸ்காரருக்குத் தந்த தண்டனைக் குறைப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அவர் நல்ல காங்கிரஸ் ஊழியர் என்று அதிகாரியின் அறிக்கையிலேயே எழுதியிருந்தது. கட்சி விசுவாசம் கருணைக்குக் காரணம் ஆகாது என்றது நீதிமன்றம். குஜராத்தில் பில்கிஸ் பானோ வழக்கின் 11 ஆயுள் கைதிகள் 2022 சுதந்திர தினத்தன்று விடுவிக்கப்பட்டார்கள். விடுவிக்கும் அதிகாரம் குஜராத் அரசுக்கு இல்லை என்று 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களைச் சிறைக்குத் திருப்பி அனுப்பியது. அதற்கும் பில்கிஸ் பானோவே மனுதாரராக வந்து நிற்க வேண்டியிருந்தது.

தூக்குக்கும் இந்தச் சுருங்கும் ஆயுளுக்கும் நடுவே ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. 2008இல் சுவாமி சிரத்தானந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் திறந்தது. தூக்கு அதிகம், வழக்கமான ஆயுள் குறைவு என்று தோன்றும் வழக்கில் 20, 25, 30 ஆண்டுகள் என்று நீதிமன்றமே காலம் குறிக்கலாம், அதுவரை தண்டனைக் கழிவு கிடையாது என்று உத்தரவிடலாம். ராஜீவ் கொலை வழக்கின் தொடர்ச்சியாக வந்த ஸ்ரீஹரன் வழக்கில், 2015 டிசம்பர் 2 அன்று அரசியல் சாசன அமர்வு இதை உறுதி செய்தது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மட்டுமே இதைச் செய்யலாம்.

தருமபுரி மறுசீராய்வுத் தீர்ப்பு வந்தது அதற்கு மூன்றே மாதம் கழித்து. கையில் புத்தம்புதிதாக அந்த அதிகாரம் இருந்தது. மூன்று உயிர்களுக்கு 25 ஆண்டுகள் என்று அந்த அமர்வு எழுதியிருக்கலாம். ஆளுநரின் அதிகாரம் அப்போதும் இருந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் காரணத்தோடு குறிக்கப்பட்ட ஒரு காலத்தை மீறிக் கையெழுத்திட எந்த அமைச்சரவையும் ஒருமுறை யோசிக்கும். யோசிக்காமல் செய்தால் அதை எதிர்த்து வாதிட ஒரு பிடிமானம் இருந்திருக்கும். பெற்றோருக்கும், 25 ஆண்டுகள் என்ற ஒரு கணக்கு கையில் இருந்திருக்கும்.

இதே தருமபுரி மாவட்டத்தின் அரூர் வட்டம் வாச்சாத்தியையும் சொல்லாமல் விட முடியாது. 1992 ஜூனில் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைக்காரர்கள் அந்த மலைவாழ் மக்களின் ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளானார்கள். தருமபுரி அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. தூக்கு இல்லை, ஆயுளும் இல்லை. அதிகபட்சம் பத்தாண்டுகள். குற்றத்தின் அளவுக்கு அது போதாது என்றே நினைக்கிறேன். ஆனால் சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை அப்படியே உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. ஒரே மாவட்டத்தின் இரண்டு வழக்குகளின் தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால், தருமபுரி நீதிமன்றத்தின் அந்தப் பத்தாண்டுகள் மேல்முறையீட்டில் ஒரு நாளும் குறையாமல் நின்றன. சேலத்தில் எழுதிய தூக்கு நிற்கவில்லை.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதா 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய 433ஏ பிரிவு அதிலும் எண் மாறித் தொடர்கிறது. முன்விடுதலைக் கோப்பு ஆளுநரிடம் போகுமுன் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குத் தகவல் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு அரசு தன் சிறை விதிகளில் ஒரு வரி சேர்க்கலாம். விடுவிப்பதென்றால் ஒவ்வொரு கைதிக்கும் தனித்தனிக் காரணம் எழுதிய ஆணையை அந்தக் குடும்பத்துக்கு அனுப்ப வேண்டும் என்று இன்னொரு வரியும் வேண்டும். இதற்குச் சாசனத் திருத்தம் தேவையில்லை. உள்துறையின் ஓர் அரசாணை போதும், 2018 பிப்ரவரியில் போட்டது போல.